பிள்ளைகளுக்கு ரிப்பேர் வேலை சொல்லிக்கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நின்றுபோன சுவர்க் கடிகாரம், எரியாத டார்ச், மூடினாலும் பின்னாலேயே திறந்துகொள்ளும் ஜிப், கால் ஆடும் நாற்காலி. வீட்டு மூலையில் கிடக்கும் இப்படிப்பட்ட பொருள்களைப் பிள்ளைகளே கழற்றிப் பார்த்துச் சரிசெய்ய, தன்னார்வலர்கள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளைப் பற்றியது இந்தப் பக்கம். அந்த மேசையில் சில வருடங்களாக நானும் நிற்கிறேன். பெற்றோரும் புதிதாக வரும் தன்னார்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வகுப்பில் என்னதான் நடக்கும்?

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பழுதான பொருளைக் கொண்டுவரும். இல்லாவிட்டால் எங்கள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். உட்கார்ந்ததும் கையில் திருப்புளி கொடுப்பதில்லை. முதலில் ஒரு அட்டையும் பென்சிலும்தான். அதில் இரண்டு வரி எழுத வேண்டும்: இந்தப் பொருள் என்ன செய்ய வேண்டும்? இப்போது என்ன செய்கிறது?

“வேலை செய்யலை” என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவோம். “பட்டனை அமுக்கினா ஒரு நொடி எரியுது, அப்புறம் அணைஞ்சிடுது” என்று எழுதினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு நொடி எரிகிறது என்றால் பல்பு உயிரோடு இருக்கிறது, பேட்டரியில் ஏதோ மிச்சம் இருக்கிறது, ஒன்று அந்த மிச்சமும் தீரப்போகிறது, இல்லை எங்கேயோ தொடுப்பு சரியில்லை. இதையெல்லாம் அந்தப் பிள்ளையே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திருகாணியில் கை வைக்கலாம்.

ஒரு வகுப்பு இரண்டு மணி நேரம். ஒரு பெரியவருக்கு மூன்று பிள்ளைகள். நான்காவது பிள்ளை சேர்ந்தால் யாராவது ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாகிவிடும்.

எந்த வயதில் தொடங்கலாம்?

ஆறு, ஏழு வயதில் பட்டன் தைக்கலாம், ஒட்டலாம், வேலைக்கு ஆகாத பொருள்களின் திருகாணிகளைக் கழற்றிப் பழகலாம். எட்டு, ஒன்பதில் டார்ச், கடிகாரம், ரிமோட், சைக்கிள் பஞ்சர். பத்து, பதினொன்றுக்கு மேல் மல்டிமீட்டரும் (மின்சாரத்தை அளந்து பார்க்கும் கருவி), பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் சால்டரிங்கும் (சூட்டில் உருகும் உலோகக் கம்பியால் வயரைப் பற்றவைப்பது).

ஆனால் வயதைவிட நான் பார்ப்பது ஒன்று உண்டு. “நிறுத்து” என்று சொன்னதும் கை நிற்கிறதா? நின்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் கட்டிங் பிளேயர் கொடுப்பேன். நிற்காவிட்டால் பதிமூன்று வயதானாலும் கொடுக்க மாட்டேன்.

இது ஆபத்தில்லையா?

சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தால், பிள்ளை தினமும் ஏறி இறங்கும் படிக்கட்டைவிட ஆபத்து அதிகமில்லை. தவறான பொருளைத் தேர்ந்தெடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் எங்கள் மேசைக்கு வரவே கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

முதலில் மைக்ரோவேவ் அடுப்பு. அதனுள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் இரண்டாயிரம் வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கக்கூடும். “பிளக் போட்டிருந்தால்தானே ஷாக் அடிக்கும்” என்று நம்பும் பெரியவர்களும் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய பிக்சர் ட்யூப் டிவியும், ஃபிளாஷ் உள்ள கேமராவும் இதே வகை. கேமரா சின்னதுதானே என்று நினைக்க வேண்டாம், ஃபிளாஷுக்கான கெப்பாசிட்டரில் சுமார் முந்நூறு வோல்ட் இருக்கும்.

அடுத்து, உப்பிய லித்தியம் பேட்டரி உள்ள எதுவும். ஃபோனின் முதுகு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் அதைத் திறக்கக் கூடாது. திருப்புளி முனை பட்டு ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும்.

மூன்றாவது, நேரடியாகக் கரண்டில் ஓடும் எதுவும். மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ஃபேன் எல்லாம் இதில் அடங்கும். இவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த தன்னார்வலர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், இருந்தும் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை. இங்கே சரியாக மாட்டாத ஒரு எர்த் வயர் வீட்டில் யாரையாவது கொன்றுவிடும். கழற்றிப் பார்ப்பதற்காக மட்டும் சில பழைய சாதனங்களை வைத்திருக்கிறோம். அவற்றின் வயரைப் பிளக்கோடு சேர்த்து முன்கூட்டியே வெட்டி எறிந்துவிடுவோம். இனி யாரும் அவற்றைக் கரண்டில் மாட்ட முடியாது.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: பட்டன் பேட்டரி. காசு போலத் தட்டையாக, பளபளவென்று இருக்கும். பொம்மையில், கார் சாவியில், எடை மெஷினில் எல்லாம் இருக்கிறது. ஒரு சின்னக் குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாகி அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே போதும், காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எங்கள் மேசையில் இந்த பேட்டரிகளை எண்ணித்தான் எடுப்போம், எண்ணித்தான் திரும்ப வைப்போம். எண்ணிக்கை ஒத்துவரும்வரை யாரும் எழுந்து போக முடியாது. அக்காவோடு வந்து தரையில் விளையாடும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இந்தக் கண்டிப்பு.

மற்றபடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், நீளமான முடியைக் கட்ட வேண்டும். வெட்டும்போது கருவி உடம்பை நோக்கி வரக் கூடாது.

முதல் பொருளாக எதைக் கொடுப்பது?

டார்ச். அதில் மொத்தம் நான்கே விஷயங்கள்: பேட்டரி, ஸ்பிரிங், சுவிட்ச், பல்பு. மின்சாரம் ஒரு வட்டமாகச் சுற்றி வர வேண்டும், எங்கே அறுந்தாலும் வெளிச்சம் போய்விடும் என்பதைப் பலகையில் எழுதிக்காட்டாமலே புரியவைத்துவிடும்.

எரியாத டார்ச்சைத் திறந்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது ஸ்பிரிங்கின் மேல் பூத்திருக்கும் வெள்ளைப் பொடி. பேட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டதால் கசிந்து வந்தது அது. ஆல்கலைன் பேட்டரி என்றால் அந்தக் கசிவு காரத்தன்மை கொண்டது, தோலையும் கண்ணையும் எரிக்கும். அதனால் கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு, பஞ்சு சுற்றிய குச்சியை வினிகரில் தோய்த்துத் தொட்டால் புஸ்ஸென்று நுரைக்கும். அந்த நுரையைப் பார்க்கும்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்! நுரை அடங்கியதும் ஈரத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் உலோகம் மின்னும். புதிய பேட்டரி போட்டால் பத்தில் எட்டு டார்ச்சாவது எரியும் என்பது என் அனுபவம்.

அதற்கு அடுத்து?

சுவர்க் கடிகாரம். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பாடம்.

பேட்டரி தேய்ந்த கடிகாரத்தில் விநாடி முள் நகர முடியாமல் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அது 9-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இதைக் கவனித்து, “ஒன்பதுகிட்ட வந்ததும் இதுக்கு மூச்சு வாங்குது” என்றாள். ஏன் என்று நான் சொல்லவில்லை. கடிகாரத்தைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்துப் பார் என்று மட்டும் சொன்னேன். 9 மேலே வரும்படி பிடித்தாள். முள் இப்போது 6-இல் போய்த் தவித்தது. மேசையில் படுக்க வைத்தாள். ஓட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தாள். அப்புறம் தன் வலது கையை நீட்டி, கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்கினாள். கை தோள் உயரத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, “இங்கதான் கனமா இருக்கு” என்றாள்.

அதேதான். முள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டிய இடத்தில்தான் மோட்டாருக்கு அதிக பலம் தேவைப்படுகிறது. இதை நான் வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பாள்.

கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் ஒரு விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விசித்திரமான எண் என்று கொஞ்சம் பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். 1-இல் தொடங்கி 2, 4, 8 என்று பதினைந்து முறை இரட்டிக்கச் சொன்னால் அவர்களே அந்த எண்ணில் வந்து நிற்பார்கள். கடிகாரத்திலுள்ள மின்சுற்று அதைத் தலைகீழாகச் செய்கிறது. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரே ஒரு துடிப்பு கிடைக்கும்.

ரிமோட்டும் நல்ல பாடம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி ஃபோன் கேமராவுக்குத் தெரியும். பட்டனை அமுக்கும்போது ரிமோட்டின் முன்பக்க விளக்கு கேமராவில் மினுக்கினால் ரிமோட் பேசுகிறது என்று அர்த்தம். சில ஃபோன்களில் செல்ஃபி கேமராவில்தான் தெரியும். ஒரே ஒரு பட்டன் மட்டும் மினுக்கவில்லை என்றால் உள்ளே ரப்பர் விரிப்பில் அழுக்கு படிந்திருக்கும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும்.

சைக்கிள் பஞ்சர் ஒட்ட எல்லாருக்கும் தெரியுமே, அதற்கும் வகுப்பா?

பார்த்திருப்பார்கள், செய்திருக்க மாட்டார்கள். இரண்டு இடத்தில் எல்லாரும் தவறுகிறார்கள். சொல்யூஷன் தடவிய உடனே பேட்ச் வைத்து அமுக்குவது ஒன்று. பளபளப்பு போய், தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த சில நிமிடங்கள் பிள்ளைகளுக்கு யுகமாகத் தோன்றும். இன்னொன்று, ட்யூபை ஒட்டிவிட்டு டயரை மறந்துவிடுவது. முள் டயரில்தான் இன்னும் இருக்கும். டயரின் உள்பக்கம் ஒரு துணியை வழித்துக்கொண்டு போனால் சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. வெறும் விரலை விட்டுத் தேடக் கூடாது.

தையல், ஜிப் மாதிரி வேலைகளும் உண்டா? பையன்களுக்குமா?

உண்டு. எல்லாருக்கும். பின்னால் திறந்துகொள்ளும் ஜிப்புக்கு ஜிப்பையே மாற்ற வேண்டியதில்லை. பற்கள் நன்றாக இருந்தால், ஓடும் தலைப்பகுதியின் வாய் விரிந்திருப்பதுதான் காரணம். பிளேயரால் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக அமுக்கினால் மறுபடி பிடிக்கும். அதிகமாக அமுக்கினால் உடையும்.

தன்னார்வலராக வர எனக்கு எவ்வளவு தொழில் தெரிந்திருக்க வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவு. தேவைப்படுவது வேறு: பிள்ளை தடுமாறும்போது உங்கள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளும் பழக்கம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பையன் பழைய ரேடியோவின் பேட்டரி வயரோடு இருபது நிமிடமாகப் போராடிக்கொண்டிருந்தான். பொறுக்காமல், “கொடு தம்பி, நான் காட்டறேன்” என்று வாங்கி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். ரேடியோ பாடியது. அவன் “தேங்க்ஸ் அண்ணா” என்றான். ஆனால் ரேடியோவைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது அதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான். அவனிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டேன் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளையின் கையிலிருந்து எந்தக் கருவியையும் நான் வாங்கியதில்லை. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அதே மாதிரி வேறொரு பொருளில் காட்டுவேன்.

தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் இது கஷ்டம். நாற்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவருக்குக் காரணம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும், வாய் துறுதுறுக்கும். அவருக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: கேள்வியாகவே கேளுங்கள். “இந்த வயர் எங்கே போகுது?” “இதை அசைச்சா என்ன ஆகுது?” உங்களுக்கே பதில் தெரியாத பொருள் வந்தால் இன்னும் நல்லது. “எனக்கும் தெரியலை, வா பார்க்கலாம்” என்று ஒரு பெரியவர் சொல்லிக் கேட்பது பல பிள்ளைகளுக்கு அதுதான் முதல் முறை.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

அதிகம் வேண்டாம். ஸ்டார், தட்டை இரண்டிலும் இரண்டிரண்டு அளவில் திருப்புளி, கட்டிங் பிளேயர், சின்னக் குறடு, உப்புத்தாள், பல் தேய்க்கும் பழைய பிரஷ், ஒரு மல்டிமீட்டர். பொம்மைத் திருப்புளிகள் வேண்டவே வேண்டாம். முனை மழுங்கி, திருகாணியின் தலையைக் கெடுத்துவிடும், பிள்ளை தன் மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். பெரியவர்கள் பயன்படுத்தும் தரமான கருவியைப் பிடி குட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

பிடிக்கும் முறையையும் சொல்லித்தர வேண்டும். திருகுவதைவிட அமுக்குவதுதான் முக்கியம். பலத்தில் முக்கால் பங்கு அமுக்குவதற்கு, கால் பங்கு திருகுவதற்கு. ஸ்டார் தலை திருகாணி வழுக்கித் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் அமுக்காமல் திருகுவதுதான்.

கழற்றிய திருகாணிகளை வைக்க ஒரு வழி: ஒரு தாளில் அந்தப் பொருளைப் படமாக வரையச் சொல்லுங்கள். எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ படத்தில் அந்த இடத்தில் டேப்பால் ஒட்டிவிடலாம். நீளத் திருகாணி குட்டை ஓட்டையில் போய் எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக்கைப் பிளப்பது நின்றுவிடும்.

திரும்ப மாட்டும்போது இன்னொரு நுணுக்கம். பிளாஸ்டிக்கில் திருகாணியை வைத்ததும் உடனே இறுக்கக் கூடாது. முதலில் கழற்றுவதைப் போல இடப்பக்கமாக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் ‘டிக்’ என்று இறங்கும். பழைய மரையில், அதாவது திருகாணி முன்பு வெட்டிய பள்ளத்தில், உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் இறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது, பத்து முறை திறந்து மூடினாலும் தாங்கும். அந்த ‘டிக்’கைக் கேட்கக் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

வலப்பக்கம் இறுகும், இடப்பக்கம் தளரும் என்று பழகிய பிறகு சைக்கிளின் இடது பெடலைக் கழற்றக் கொடுங்கள். அதில் மரை எதிர்த்திசை. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.

சால்டரிங் எப்போது?

பத்து வயதுக்கு மேல், ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில். முனை முந்நூறு டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். ஈயம் கலக்காத சால்டர் கம்பிதான் பயன்படுத்த வேண்டும். பழைய போர்டுகளில் ஈயம் இருக்கும் என்பதால் முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சால்டர் நன்றாக ஒட்டுவதற்காகச் சேர்க்கும் ஃபிளக்ஸிலிருந்து வரும் புகை ஆஸ்துமாவைத் தூண்டும். ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, புகையை இழுத்து வெளியே தள்ளும்படி ஒரு சின்ன ஃபேனையும் வையுங்கள்.

பொருள் சரியாகவில்லை என்றால் பிள்ளை மனம் உடைந்துவிடாதா?

சில நேரம் அழுவார்கள். அழட்டும். உடனே “பரவாயில்லை, புதுசு வாங்கலாம்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சரியாகாத பொருளுக்கும் அட்டையில் ஒரு வரி எழுதுகிறோம்: எது பழுது, ஏன் முடியவில்லை. “மோட்டாரில் கம்பிச்சுருள் கருகிவிட்டது” என்று எழுதிய பிள்ளை தோற்றுவிடவில்லை, நோயைக் கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் அந்தப் பொருளிலிருந்து திருகாணி, ஸ்பிரிங், சுவிட்ச் எல்லாவற்றையும் பிரித்து உதிரிப் பெட்டியில் போடுவோம். இன்னொரு பிள்ளையின் பொருளில் அது போய்ச் சேரும்போது, கொடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம்.

பல பொருள்கள் திறக்கவே முடியாதபடி பசையால் ஒட்டப்பட்டிருக்கும். “ஏன் அண்ணா திருகாணி வைக்காம ஒட்டிட்டாங்க?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து ஃபோன், லேப்டாப், டிவி, வாஷிங் மெஷின் போன்றவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என விற்பனையின்போதே காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பிள்ளைகள் கேட்கும் இதே கேள்வியைப் பெரியவர்களும் கேட்டதால்தான் இவை வந்தன.

இது எங்கே தொடங்கியது?

வீட்டுப் பொருளை வீட்டிலேயே சரிசெய்வது காலங்காலமாக இருப்பதுதான். தன்னார்வலர்கள் ஒரு மேசை போட்டு, பொதுவில் உட்கார்ந்து சேர்ந்து செய்யும் இன்றைய வடிவத்துக்கு 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்டின் போஸ்ட்மா என்பவர் நடத்திய முதல் ‘ரிப்பேர் கஃபே’யைச் சொல்வார்கள். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமையை உலகப் பழுதுபார்ப்பு நாளாக 2017-இலிருந்து கொண்டாடுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல நாள்.

தேவையும் பெருகியிருக்கிறது. 2022-இல் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குக்கும் குறைவு.

இதனால் பள்ளி மதிப்பெண் கூடுமா?

அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என்று புத்தகத்தில் வரும்போது கையில் டார்ச் பிடித்த ஞாபகம் வரும், அவ்வளவுதான். மதிப்பெண்ணுக்காக மட்டும் அனுப்புவதாக இருந்தால் வேறு வகுப்புகள் இருக்கின்றன.

பெற்றோர் கூட இருக்கலாமா?

தாராளமாக. ஆனால் வேறு மேசையில். உங்களுக்கும் ஒரு பழுதான பொருளும் திருப்புளியும் தருவோம்.

எங்கள் பகுதியில் நாங்களே தொடங்க என்ன செய்ய வேண்டும்?

வெளிச்சமான ஒரு அறை, உறுதியான மேசை, ஆறு பிள்ளைகள், இரண்டு பெரியவர்கள். இது போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், முதலுதவிப் பெட்டியை மேசையிலேயே வையுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். எவ்வளவு நெருங்கிய நண்பர் ஆனாலும் சரி, தன்னார்வலராகச் சேரும்போது பின்னணியை விசாரித்துத்தான் சேர்க்க வேண்டும்.

முதல் வகுப்புக்கு முன்னால், வரப்போகும் பொருள்களை நீங்களே ஒரு முறை பார்த்துப் பிரித்துவிடுங்கள். முதல் நாளே எல்லாருக்கும் சரிசெய்ய முடியாத பொருளாக வந்தால் இரண்டாவது வகுப்புக்கு ஆள் வராது.

இதற்கப்புறம் வீட்டில் கண்டதையெல்லாம் கழற்ற ஆரம்பித்துவிட மாட்டார்களா?

ஆரம்பிப்பார்கள். வீட்டில் ஒரு தட்டு ஒதுக்கி, கழற்றலாம் என்று நீங்கள் அனுமதித்த பொருள்களை மட்டும் அதில் போட்டுவையுங்கள். தட்டில் இல்லாததைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டும், பிளக் உள்ள எதையும் கழற்றவே கூடாது. தட்டு காலியாக இருந்தால்தான் கை வேறு பக்கம் போகும், அதனால் அடிக்கடி நிரப்புங்கள்.

வகுப்புக்கு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

பழுதான பொருள். அதிலிருந்து ஏற்கெனவே கழன்று விழுந்த துண்டுகள் இருந்தால் ஒரு கவரில் போட்டு அதையும். பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொண்டுவாருங்கள். அது எப்போது, எப்படி நின்றுபோனது என்று நாங்கள் கேட்போம். அந்தப் பதிலை மட்டும் உங்கள் பிள்ளையே சொல்லட்டும், நடுவில் நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம்.